வோல்ட்டும் ஆம்பியரும் தெரிந்தால் ஓம், வாட் கணக்கு: சேலம், ஏற்காடு பகுதிக்கான கேள்வி-பதில்

வீட்டு கெய்சர், தறி மோட்டார், போர்வெல் கேபிள், எர்த் குழி என்று அன்றாடம் கை வைக்கிற இடங்களில், வோல்ட்டையும் ஆம்பியரையும் வைத்து மின்தடையும் திறனும் எப்படிக் கணக்கிடுவது என்பதற்கான பதில்கள் இவை. கணக்கு பள்ளிக்கூடக் கணக்குதான். அதில் போடும் எண்ணில்தான் தப்பு நடக்கிறது: மீட்டரில் பார்த்த ஆம்பியரை, பார்க்காத 230 வோல்ட்டோடு சேர்த்துப் போட்டுவிடுகிறார்கள். இரண்டையும் ஒரே நேரத்தில், லோடு ஓடும்போதே அளக்க வேண்டும். கீழே உள்ள எல்லாக் கணக்குக்கும் அதுதான் அடிப்படை.

வோல்ட், ஆம்பியர் இரண்டும் அளந்தாயிற்று. மின்தடையும் வாட்டும் எப்படி வரும்?

வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் ஓம். வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கினால் வாட்.

ஒரு கெய்சர் ஓடும்போது பிளக்கில் 222 வோல்ட், ஃபேஸ் ஒயரில் 8.4 ஆம்பியர் காட்டுகிறது என்று வையுங்கள். 222 ÷ 8.4 = 26.4 ஓம். 222 × 8.4 = 1865 வாட். கெய்சர் மேல் 2000 வாட் என்று ஒட்டியிருப்பதும் பொய்யில்லை. அது 230 வோல்ட்டுக்கான கணக்கு. 230ஐ 26.4 ஓமால் வகுத்தால் 8.7 ஆம்பியர், அதை 230ஆல் பெருக்கினால் 2000 வாட் வந்துவிடுகிறது.

கால்குலேட்டர் 26.428571 என்று காட்டும். அதை அப்படியே எழுதி வைப்பதில் பயனில்லை. சாதாரண மீட்டர் வோல்ட்டில் நூற்றுக்கு ஒன்று, டாங் டெஸ்டர் (ஒயரைக் கவ்வி ஆம்பியர் காட்டும் கருவி) ஆம்பியரில் நூற்றுக்கு இரண்டு மூன்று முன்னே பின்னே காட்டும். ஆகவே ஓம் விடையில் நூற்றுக்கு நான்கு வரை வித்தியாசம் வந்தால் அதைப் பழுதாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

வாட்டுக்கு மூன்று சூத்திரம் இருக்கிறதே, எதை எங்கே போடுவது?

வோல்ட் × ஆம்பியர் பொதுவானது. ஓம் தெரிந்த ஹீட்டர் காயிலுக்கு, வோல்ட் × வோல்ட் ÷ ஓம். ஒயர், ஜாயின்ட், கேபிளில் வீணாகும் வாட்டுக்கு, ஆம்பியர் × ஆம்பியர் × ஓம்.

ஒயரின் மின்தடையை வைத்துக்கொண்டு இரண்டாவது சூத்திரத்தில் 230 போடுவதுதான் அடிக்கடி நடக்கும் தப்பு. ஒயரின் இரு முனைகளுக்கு இடையே 230 வோல்ட் இருப்பதில்லை, அதில் விழும் வோல்ட் சில எண்களே. 230ஐப் போட்டால் ஒயர் சில நொடியில் உருகிவிடும் அளவுக்கு ஒரு வாட் வந்து பயமுறுத்தும்.

ஏற்காட்டில் எங்கள் வீடு லைனின் கடைசியில் இருக்கிறது. காலையில் 190 வோல்ட்தான் வருகிறது. கெய்சர் சூடாகவே மாட்டேன் என்கிறது. பழுதா?

பெரும்பாலும் பழுது இருக்காது. முதலில் கணக்கைப் போட்டுப் பாருங்கள். 2000 வாட் கெய்சர் என்றால் காயிலின் மின்தடை 26.45 ஓம். 190 × 190 ÷ 26.45 = 1365 வாட். வோல்ட் குறைந்தது நூற்றுக்கு 17தான், ஆனால் வாட் நூற்றுக்கு 32 குறைந்துவிட்டது. வோல்ட் இரண்டு முறை பெருக்கப்படுவதால் வரும் விளைவு இது. பத்து சதவீதம் வோல்ட் குறைந்தாலே வாட் 19 சதவீதம் குறையும்.

நேரக் கணக்கு: ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க 4.19 கிலோஜூல் வேண்டும். 15 லிட்டர் கெய்சரில் 16 டிகிரியில் இருக்கும் தண்ணீரை 46 டிகிரிக்குக் கொண்டுவர 15 × 4.19 × 30, அதாவது ஏறக்குறைய 1885 கிலோஜூல். 2000 வாட்டில் இது 16 நிமிட வேலை. 1365 வாட்டில் 23 நிமிடம். சேலம் டவுனில் அதே தண்ணீர் 27 டிகிரியில் குழாயிலிருந்து வந்தால் 19 டிகிரி ஏற்றினால் போதும். சரியான வோல்ட்டில் 10 நிமிடத்தில் முடிந்துவிடும். ஆகவே டவுனில் பார்த்த நேரத்தோடு மலையில் ஒப்பிட வேண்டாம்.

இதனால் பில் ஏறாது. 230 வோல்ட்டிலும் 190 வோல்ட்டிலும் அதே 1885 கிலோஜூல்தான், அதாவது 0.52 யூனிட். அதிக நேரம் ஓடுவதால் தொட்டியிலிருந்து வெளியேறும் சூடு மட்டும் கொஞ்சம் கூடும்.

பழுதைக் கண்டுபிடிக்க வேண்டுமானால் வாட்டைப் பார்க்காமல் ஓமைப் பாருங்கள். 190 வோல்ட்டில் 7.2 ஆம்பியர் இழுத்தால் 26.4 ஓம், காயில் நன்றாக இருக்கிறது. 190 வோல்ட்டில் 5 ஆம்பியர்தான் என்றால் 38 ஓம். வழியில் எங்கோ ஜாயின்ட் கருகியிருக்கிறது, அல்லது அது 2000 வாட் காயிலே இல்லை.

இன்னொன்று. சேலம் போர் தண்ணீரில் காயில் மேல் உப்பு படிகிறதே, அதனால் மின்தடை மாறிவிடும் என்று நினைக்கிறார்கள். மாறாது. ஆம்பியர் அப்படியே இருக்கும். உப்பு ஓடு சூட்டைத் தண்ணீருக்கு விடாமல் தடுப்பதால் காயில் உள்ளுக்குள் அதிகமாகக் காய்ந்து ஒருநாள் அறுந்துபோகும். அதை ஆம்பியர் முன்கூட்டிச் சொல்லாது. கழற்றிப் பார்த்துத்தான் சுத்தம் செய்ய வேண்டும்.

அளப்பதை எப்படிச் செய்வது? எந்த மீட்டர் வேண்டும்?

ஒரு மல்டிமீட்டரும் ஒரு டாங் டெஸ்டரும் போதும். இரண்டும் சேர்ந்த ஒரே கருவியும் கிடைக்கிறது. மேலே 'கேட் 3, 600 வோல்ட்' என்ற பாதுகாப்புத் தரம் எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். மோட்டார் டிரைவ், யூபிஎஸ் இருக்கும் இடத்துக்கு ட்ரூ ஆர்எம்எஸ் வகை (கரண்டின் அலை கோணலாக இருந்தாலும் சரியாக அளப்பது) வேண்டும். சாதாரண வகை அங்கே குறைத்துக் காட்டும்.

டாங் டெஸ்டரின் வாய்க்குள் ஒரே ஒரு ஒயர் போக வேண்டும். ஃபேஸும் நியூட்ரலும் சேர்ந்த கார்டை அப்படியே கவ்வினால் போவதும் வருவதும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு பூஜ்யம் காட்டும். இதற்காக ஒரு எக்ஸ்டென்ஷன் பெட்டி செய்து வைத்துக்கொள்ளலாம்: மூன்று தனித்தனி ஒயரில் கட்டி, ஃபேஸ் ஒயரை மட்டும் அரை அடி வளையமாக வெளியே விட வேண்டும். ஃபேன் போல 0.3 ஆம்பியர் இழுப்பதற்கு அந்த வளையத்தைப் பத்துச் சுற்று சுற்றி, காட்டும் எண்ணைப் பத்தால் வகுங்கள். 400 ஆம்பியர் வரை அளக்கும் டெஸ்டரில் 0.3 என்ற எண்ணை நம்ப முடியாது, 3.0 என்றால் நம்பலாம்.

லோடு ஓடும்போது, அதே பிளக்கில் வோல்ட்டையும் பாருங்கள். மெயின் போர்டில் பார்த்த வோல்ட் ஆகாது.

மல்டிமீட்டரை வைத்து ஆம்பியர் பார்ப்பவர்கள் கவனிக்க வேண்டியது: சிவப்பு முனையை 10 ஆம்பியர் துளையில் செருகி அளந்த பிறகு, அதை எடுக்க மறந்து, அடுத்ததாக பிளக்கில் வோல்ட் பார்க்கப் போனால் ஃபேஸையும் நியூட்ரலையும் நேராகச் சேர்த்தது போல ஆகும். பல மலிவு மீட்டர்களில் அந்தத் துளைக்கு ஃபியூஸே கிடையாது. கையிலேயே வெடிக்கும். வீட்டுக் கரண்டுக்கு டாங் டெஸ்டரே பத்திரம் என்று நாங்கள் சொல்வதற்குக் காரணம் இதுதான். கரண்ட் இருக்கும் இடத்தில் ஓம் பக்கம் திருப்பி வைக்கவே கூடாது.

திறந்த பேனல், மூன்று ஃபேஸ் ஸ்டார்ட்டர் ஆகியவற்றில் அளப்பது வயர்மேன் வேலை. எண்ணை அவரிடம் கேட்டு வாங்கிக் கணக்கை நீங்கள் போடுங்கள்.

குண்டு பல்பை ஓம் பக்கம் வைத்துப் பார்த்தால் 65 ஓம். கணக்கில் 880 ஓம் வருகிறது. எது சரி?

இரண்டும். 60 வாட் குண்டு பல்பு எரியும்போது 230 × 230 ÷ 60 = 882 ஓம். அணைந்து ஆறியிருக்கும்போது 60 முதல் 70 ஓம்தான். டங்ஸ்டன் இழை ஈராயிரம் டிகிரிக்கும் மேல் காயும்போது மின்தடை பத்துப் பன்னிரண்டு மடங்குக்கு மேல் ஏறிவிடுகிறது. ஜெர்மனியின் கியோர்க் ஓம் 1827இல் வெளியிட்ட விதி, சூடு மாறாமல் இருந்தால் என்ற நிபந்தனையோடுதான் பொருந்தும்.

ஹீட்டர் காயில் நிக்ரோமால் (நிக்கல், குரோமியம் கலந்த உலோகம்) ஆனது. அது சூடானால் சில சதவீதமே ஏறும். ஆகவே கெய்சர், அயர்ன் பாக்ஸ், வாட்டர் ஹீட்டர் ராடு ஆகியவற்றை ஆறிய நிலையில் ஓம் பார்த்தே வாட்டைக் கணிக்கலாம். 1000 வாட் என்றால் 53 ஓம், 1500 என்றால் 35, 2000 என்றால் 26. பக்கத்தில் வந்தால் சரி.

சுருள் அடுப்பின் காயில் அறுந்துவிட்டது. முறுக்கி இணைத்தால் நன்றாகவே எரிகிறது, முன்பைவிட வேகமாக. அப்படியே விடலாமா?

வேகமாக எரிவதே ஆபத்தின் அடையாளம். 2000 வாட் காயிலில் பத்தில் ஒரு பங்கு போய்விட்டால் 26.45 ஓம் 23.8 ஓமாகக் குறையும். 230 வோல்ட்டில் 2220 வாட். கூடுதல் வாட், குறைந்த நீளம். ஒவ்வொரு சுற்றும் முன்பைவிடச் சிவக்கிறது. முறுக்கிய இடம் முதலில் போகும். புதுக் காயிலின் விலை சொற்பம், மாற்றிவிடுங்கள்.

தறி மோட்டாருக்கும் வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் மின்தடை வருமா?

வராது. எங்களிடம் வரும் கணக்குகளில் அதிகம் தப்பாவது இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறோம்.

ஒரு குதிரைசக்தி சிங்கிள் ஃபேஸ் மோட்டாரின் வைண்டிங்கை ஓம் பார்த்தால் நாலைந்து ஓம்தான் காட்டும். 230 ÷ 4 = 57 ஆம்பியர் ஓட வேண்டும். ஓடும்போது இழுப்பதோ 6, 7 ஆம்பியர். ஏனென்றால் மோட்டார் சுற்றும்போது வைண்டிங்கிலேயே ஒரு எதிர் வோல்ட் உண்டாகி வருகிற கரண்டைத் தடுக்கிறது. காயிலின் காந்தப்புலமும் தடுக்கிறது. அந்தத் தடுப்பில் சூடு உண்டாவதில்லை. ஆகவே 230 ÷ 7 = 33 என்ற எண்ணை மின்தடை என்று எடுத்துக்கொண்டு மேலே கணக்குப் போட்டால் எல்லாமே தப்பாகும்.

வாட்டுக்கும் வோல்ட் × ஆம்பியர் மட்டும் போதாது, பவர் ஃபேக்டரையும் (அந்தப் பெருக்கலில் உண்மையில் வாட்டாக மாறும் பங்கு) பெருக்க வேண்டும். மூன்று ஃபேஸ் என்றால்: 1.732 × வோல்ட் × ஆம்பியர் × பவர் ஃபேக்டர். இதில் வோல்ட் என்பது இரண்டு ஃபேஸுக்கு இடையே உள்ளது. இளம்பிள்ளைப் பக்கம் ஒரு தறிக்கூடத்தில் ஒரு மோட்டாருக்கு 410 வோல்ட், 1.6 ஆம்பியர், பவர் ஃபேக்டர் 0.75 என்றால் 852 வாட். பவர் ஃபேக்டரை விட்டுவிட்டால் 1136 வரும். பத்துத் தறிக்கு அப்படியே கூட்டினால் கிட்டத்தட்ட மூன்று கிலோவாட் அதிகமாகக் கணக்கிட்டிருப்பீர்கள்.

லோடு இல்லாமல் சும்மா சுற்றும் மோட்டாரும் முழு ஆம்பியரில் பாதிக்குப் பக்கமாக இழுக்கும். அப்போது பவர் ஃபேக்டர் 0.2, 0.3 என்று இறங்கியிருக்கும், அதனால் வாட் குறைவு. ஆம்பியரை மட்டும் பார்த்து 'சும்மா ஓடினாலும் பாதிக் கரண்ட் தின்கிறது' என்று முடிவு கட்டக் கூடாது.

லோ வோல்டேஜில் கெய்சரும் மோட்டாரும் எதிரெதிராக நடக்கும். கெய்சரின் ஆம்பியர் குறையும். தண்ணீரை ஏற்றும் வேலையை விடாமல் செய்தாக வேண்டிய மோட்டாரின் ஆம்பியர் கூடும். 415க்குப் பதில் 360 வந்தால் பம்ப் மோட்டார் வைண்டிங் சூடேறுவது இதனால்தான். ஆம்பியர் கூடினால் சூடு ஆம்பியரின் இருமடிப் பெருக்கமாகக் கூடும்: ஆம்பியர் 15 சதவீதம் ஏறினால் வைண்டிங் சூடு 32 சதவீதம் ஏறும்.

வைண்டிங் எவ்வளவு சூடாகிறது என்று ஓமை வைத்துக் கண்டுபிடிக்கலாமா?

முடியும், நல்ல வழியும்கூட. மேலே கை வைத்துப் பார்ப்பது வெளிக்கூட்டின் சூட்டை மட்டும் சொல்லும். காலையில் மோட்டார் ஆறியிருக்கும்போது வைண்டிங் ஓமையும் அந்த இடத்தின் வெப்பநிலையையும் குறித்துக்கொள்ளுங்கள். ஓடி நிறுத்தியவுடன், மெயினை ஆஃப் செய்து, மறுபடி ஓம் பாருங்கள். தாமதித்தால் ஆறிவிடும்.

சூட்டு ஓமை ஆறிய ஓமால் வகுத்து, அதை (234.5 + ஆறிய வெப்பநிலை) என்பதோடு பெருக்கி, 234.5ஐக் கழிக்க வேண்டும். செம்புக்கான எண் அது. 30 டிகிரியில் 4.0 ஓம், நிறுத்தியவுடன் 5.0 ஓம் என்றால்: 1.25 × 264.5 = 330.6, 234.5 கழித்தால் 96 டிகிரி. வைண்டிங்கின் சராசரிச் சூடு இது, உள்ளே சில இடங்களில் பத்து டிகிரி கூடவும் இருக்கும். பி வகுப்பு இன்சுலேஷன் 130 டிகிரி வரை தாங்கும்.

800 அடி போர்வெல். 5 குதிரைசக்தி சப்மெர்சிபிள். 2.5 சதுர மி.மீ. கேபிள் போதுமா?

ஆம்பியர் தாங்குமா என்று மட்டும் பார்த்தால் அந்தக் கேபிள் போதும். நீளத்தைச் சேர்த்துப் பார்த்தால் போதாது.

செம்புக் கம்பியில் 2.5 சதுர மி.மீ.க்கு ஒரு கிலோமீட்டருக்கு 7.4 ஓம், 4க்கு 4.6, 6க்கு 3.1 என்று வைத்துக்கொள்ளலாம். 20 டிகிரிக்கான எண்கள் இவை. கேபிள் 30 டிகிரி சூடேறினால் 12 சதவீதம் கூடும். 800 அடியும் மேலே ஸ்டார்ட்டர் வரையும் சேர்த்து 250 மீட்டர். ஒரு கம்பிக்கு 7.4 × 0.25 = 1.85 ஓம்.

மோட்டார் 7.5 ஆம்பியர் இழுத்தால், மூன்று ஃபேஸில் விழும் வோல்ட் 1.732 × 7.5 × 1.85 = 24. பவர் ஃபேக்டரைச் சேர்த்தால் 20 வோல்ட் பக்கம். மேலே 400 வந்தால் கீழே 380தான். சேலம் பக்கம் பகலில் மேலேயே 370 வரும் ஊர்களில் கீழே 350. மேலே வோல்ட்மீட்டரைப் பார்த்து 'சமாளிக்கும்' என்று ஓட்டுகிறார்கள். மோட்டார் பார்க்கும் வோல்ட் வேறு.

வீணாகும் வாட்: 3 × 7.5 × 7.5 × 1.85 = 312. நாளைக்கு ஆறு மணி நேரம் ஓட்டினால் இரண்டு மாத பில்லில் 112 யூனிட் கேபிளைச் சூடாக்கவே போகிறது. 4 சதுர மி.மீ. போட்டால் 1.15 ஓம், 194 வாட், 70 யூனிட். மீதியாகும் 42 யூனிட்டை உங்கள் யூனிட் விலையோடு பெருக்கி, கேபிள் விலை வித்தியாசத்தோடு ஒப்பிடுங்கள். விவசாய இணைப்பில் பில் பிரச்சினை இல்லாவிட்டாலும் லோ வோல்டேஜ் பிரச்சினை இருக்கிறது. எங்கள் யோசனை 4தான். ஆயிரம் அடியைத் தாண்டினால் 6ஐயும் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

மோட்டாரைத் தூக்காமலே வைண்டிங்கைப் பரிசோதிக்க மேலேயிருந்து ஓம் பார்க்கும்போது கேபிளைக் கழிக்க மறக்க வேண்டாம். இரண்டு கம்பிக்கு நடுவே 9 ஓம் காட்டினால், 1.85 × 2 = 3.7 கேபிளுடையது, 5.3 வைண்டிங்குடையது. மூன்று ஜோடியும் ஏறத்தாழ ஒரே எண்ணைக் காட்ட வேண்டும். ஒரு ஜோடி மட்டும் தனித்து இருந்தால் அந்த வைண்டிங்கோ, கீழே உள்ள கேபிள் ஜாயின்ட்டோ பழுது. ஜாயின்ட்டில் தண்ணீர் இறங்கியிருக்கிறதா என்பதை மல்டிமீட்டர் காட்டாது. அதற்கு 500 வோல்ட் மெக்கர் (அதிக வோல்ட் கொடுத்து இன்சுலேஷனின் மின்தடையை அளக்கும் மீட்டர்) வேண்டும். ஒரு மெகாஓமுக்குக் குறைந்தால் தூக்கித்தான் ஆக வேண்டும்.

காபி எஸ்டேட்டில் பம்ப் ஷெட் வீட்டிலிருந்து 120 மீட்டர். ஸ்விட்ச் போட்டால் மோட்டார் உறுமிக்கொண்டே நிற்கிறது, சுற்றுவதில்லை. வீட்டில் 210 வோல்ட் இருக்கிறது.

அந்த 210 மோட்டார் ஓடாதபோது பார்த்தது. சிங்கிள் ஃபேஸில் போக வர 240 மீட்டர், 2.5 சதுர மி.மீ. என்றால் 1.78 ஓம். ஓடும்போது 7 ஆம்பியருக்கு 12 வோல்ட்தான் விழும், பரவாயில்லை. ஆனால் ஸ்டார்ட் ஆகும் நொடியில் 30 ஆம்பியர் இழுத்தால் 53 வோல்ட் விழுகிறது. மோட்டாருக்குக் கிடைப்பது 157. மோட்டார் திருப்பும் விசை வோல்ட்டின் இருமடியைப் பொறுத்தது: 157 × 157 ÷ (230 × 230) = 0.47. பாதி விசைகூட இல்லை. மேட்டுக்குத் தண்ணீர் ஏற்றும் பம்ப் அதில் கிளம்பாது. உறுமிக்கொண்டே நிற்கும் ஒவ்வொரு நொடியும் 30 ஆம்பியர் வைண்டிங்கை வேகவைக்கிறது. உடனே ஆஃப் செய்யுங்கள்.

6 சதுர மி.மீ. போட்டால் 0.74 ஓம், ஸ்டார்ட்டில் 22 வோல்ட் விழும், 188 கிடைக்கும். விசை 0.67. மோட்டாரைக் கிளப்பிவிடும் கெப்பாசிட்டரையும் பாருங்கள். வலுவிழந்த கெப்பாசிட்டர் இதே உறுமலைத் தரும், கேபிளை மாற்றிய பிறகு அது தெரியவந்தால் வீண் செலவு.

16 ஆம்பியர் பிளக் தொட முடியாமல் சுடுகிறது. கெய்சர் வாட் சரியாகத்தான் இருக்கிறது.

லூஸ் ஜாயின்ட். 0.2 ஓம் என்பது கேட்பதற்கு ஒன்றுமில்லை. 8.4 ஆம்பியரில் 8.4 × 8.4 × 0.2 = 14 வாட். ஒரு கடலை அளவு இடத்தில் 14 வாட் சூடு என்றால் பிளாஸ்டிக் உருகும். கெய்சர் வாட்டில் இது தெரியவே தெரியாது: 26.4க்கு 26.6 ஓம்.

மல்டிமீட்டரால் 0.2 ஓமை நேரடியாக அளக்க முடியாது. அதன் ஒயருக்கே 0.2, 0.3 ஓம் இருக்கும். அதற்குப் பதில் லோடு ஓடும்போது ஜாயின்ட்டுக்கு முன்னே ஒரு முனை, பின்னே ஒரு முனை வைத்து வோல்ட் பார்க்க வேண்டும். 1.7 வோல்ட் காட்டினால் 1.7 ÷ 8.4 = 0.2 ஓம். நல்ல ஜாயின்ட்டில் சில மில்லிவோல்ட்தான் வரும். திறந்த போர்டில் செய்வது என்பதால் வயர்மேன் செய்யட்டும். அலுமினிய சர்வீஸ் ஒயரும் செம்பு ஒயரும் சேரும் இடத்தை முதலில் பார்க்கச் சொல்லுங்கள். சரியான லக் (ஒயர் முனையில் பொருத்தும் உலோகப் பிடி) இல்லாமல் முறுக்கிவிட்டால் அங்கே அரிப்பு பிடித்து மின்தடை ஏறிக்கொண்டே போகும்.

எல்இடி பல்புக்கு இந்தக் கணக்கு?

வேண்டாம். உள்ளே ஒரு சர்க்யூட் இருக்கிறது. 9 வாட் பல்பு 0.08 ஆம்பியர் இழுத்தால் பெருக்கினால் 18 வரும், பவர் ஃபேக்டர் 0.5. பில்லில் ஏறுவது 9 வாட்தான்.

டாங் டெஸ்டரே இல்லாமல் வாட் தெரிந்துகொள்ள முடியுமா?

வீட்டு இ.பி. மீட்டரே போதும், அதுவும் பவர் ஃபேக்டரைச் சேர்த்தே காட்டும். மீட்டரின் முகப்பில் ஒரு யூனிட்டுக்கு எத்தனை துடிப்பு என்று எழுதியிருக்கும், உதாரணமாக 3200. மற்ற எல்லாவற்றையும் ஆஃப் செய்துவிட்டு, பார்க்க வேண்டிய ஒன்றை மட்டும் ஓட்டுங்கள். சிவப்பு விளக்கு பத்து முறை மின்ன எத்தனை நொடி என்று பாருங்கள். முதல் மின்னலைப் பூஜ்யம் என்று எண்ணத் தொடங்க வேண்டும், ஒன்று என்று தொடங்கினால் பத்தில் ஒரு பங்கு பிசகும்.

வாட் = துடிப்பு × 36,00,000 ÷ (3200 × நொடி). பத்துத் துடிப்புக்கு 9 நொடி என்றால் 1250 வாட்.

எல்லாவற்றையும் ஆஃப் செய்த பிறகும் விளக்கு மின்னிக்கொண்டிருந்தால் எங்கோ கசிவு இருக்கிறது. அடுத்த கேள்வியைப் படியுங்கள்.

எர்த் கம்பி போட்டிருக்கிறோம், எம்சிபியும் (ஆம்பியர் அளவு மீறினால் தானே விழும் ஸ்விட்ச்) இருக்கிறது. இது போதாதா?

மலையில் போதாது. சேர்வராயன் மலை சார்னோக்கைட் பாறை. மேல்மண் கொஞ்சம்தான், கோடையில் அதுவும் காய்ந்துவிடும். எர்த் மின்தடை 20 ஓம் என்பது அங்கே சாதாரணம். இயந்திரத்தின் உடம்பில் ஃபேஸ் பட்டுவிட்டது என்று வையுங்கள். டிரான்ஸ்ஃபார்மர் பக்க எர்த் 2 ஓம் சேர்த்து 22 ஓம். 230 ÷ 22 = 10.5 ஆம்பியர். 16 ஆம்பியர் எம்சிபி இதை ஒரு சாதாரண லோடு என்று நினைத்து விழாமலே இருக்கும். இயந்திரத்தின் உடம்பில் 10.5 × 20, அதாவது 210 வோல்ட் நிற்கும். தொட்டவருக்கு, உடல் மின்தடை 1000 ஓம் என்றால், 210 மில்லிஆம்பியர். உயிர் போக அதில் பாதியும் வேண்டாம். இதற்கிடையில் மணிக்கு 2.4 யூனிட் மண்ணுக்குள் போய்க்கொண்டிருக்கும்.

30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி (எர்த்துக்குக் கரண்ட் கசிந்தால் விழும் ஸ்விட்ச்) இதைக் கண்ணிமைப்பதற்குள் துண்டிக்கும். அதற்கு எர்த் 20 ஓம் என்ன, சில நூறு ஓம் இருந்தாலும் போதும். கரியும் உப்பும் போட்ட குழியை ஈரமாக வைத்திருங்கள், ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள்.

மழைக்காலம் முழுக்கப் பூட்டிக்கிடந்த வீட்டில் கெய்சரைப் போட்டதும் ஆர்சிசிபி விழுந்தால் அதைப் பழித்துக் கழற்றிவிட வேண்டாம். ஹீட்டர் குழாய்க்குள் காயிலைச் சுற்றி அடைத்திருப்பது மெக்னீசியம் ஆக்சைடு தூள். சேலம் வெள்ளைக்கல் குன்றுகளில் வெட்டும் மேக்னசைட்டைச் சுட்டால் கிடைப்பதும் இதே சேர்மம்தான். அது ஈரத்தை இழுக்கும். இன்சுலேஷன் 230 ÷ 0.03, அதாவது 7700 ஓமுக்கு இறங்கினாலே ஆர்சிசிபி விழும். காயிலைக் கழற்றி வெயிலிலோ மிதமான சூட்டிலோ நன்றாகக் காயவைத்து மெக்கர் போடுங்கள். ஏறவில்லை என்றால் குழாயில் ஓட்டை, மாற்ற வேண்டும்.

எங்கள் வீட்டில் விளக்கு மங்கியது, அதே நேரம் பக்கத்து வீட்டில் டிவி எரிந்துபோனது. எப்படி?

கம்பத்தில் நியூட்ரல் அறுந்திருக்கிறது. இரண்டு வீடும் வெவ்வேறு ஃபேஸில் இருந்தால், நியூட்ரல் போனதும் இரண்டும் 400 வோல்ட்டுக்குக் குறுக்கே தொடராக மாறிவிடுகின்றன. உங்கள் வீட்டில் 2000 வாட் கெய்சர் 26.45 ஓம், அங்கே 100 வாட் அளவு லோடு 529 ஓம். ஆம்பியர் 400 ÷ 555 = 0.72. உங்களுக்கு 19 வோல்ட், அவர்களுக்கு 381. குறைந்த லோடு இருக்கும் வீடுதான் அடிவாங்கும். திடீரென்று விளக்கு அளவுக்கு மீறிப் பிரகாசித்தால் யோசிக்காமல் மெயினை இறக்கிவிட்டு லைன்மேனைக் கூப்பிடுங்கள்.

செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கம்பி இழுக்கிறோம். அதன் மின்தடையை அளக்க முடியுமா? மீட்டர் 0.2 என்றே எல்லாவற்றுக்கும் காட்டுகிறது.

அந்த 0.2 மீட்டர் ஒயருடையது. வெள்ளி எல்லா உலோகங்களிலும் மின்தடை குறைந்தது. ஒரு மி.மீ. விட்டமுள்ள சுத்த வெள்ளிக் கம்பி ஒரு மீட்டருக்கு 0.020 ஓம்; அதே அளவு செம்பு 0.022.

இதற்கு நாலு முனை முறை. டிசி பவர் சப்ளையை 2 ஆம்பியர் மாறாமல் தருமாறு வைத்து, கம்பியின் இரு கோடியிலும் கிளிப் போடுங்கள். வோல்ட் முனைகளை அந்தக் கிளிப்புகளில் தொடாமல், உட்பக்கமாக, ஒரு மீட்டர் இடைவெளி அளந்து கம்பியிலேயே வையுங்கள். மில்லிவோல்ட் பக்கம் 40 காட்டினால் 0.040 ÷ 2 = 0.020 ஓம். கிளிப்பிலேயே வைத்தால் கிளிப்பின் பிடி மின்தடையும் சேர்ந்து இருமடங்குகூடக் காட்டும். கம்பி விட்டத்தை மைக்ரோமீட்டரில் பாருங்கள், 1.00க்கு 0.95 மி.மீ. ஆனாலே மின்தடை 11 சதவீதம் ஏறிவிடும். விட்டம் சரியாகத் தெரியாமல் இந்த எண்ணை வைத்து வெள்ளியின் மாற்றைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது.

இன்வெர்ட்டர் பேட்டரி ஒயர் ஏன் அவ்வளவு தடிமன்?

600 வாட் லோடை 12 வோல்ட்டிலிருந்து எடுக்க வேண்டும். இன்வெர்ட்டரின் இழப்பையும் சேர்த்தால் 600 ÷ (12 × 0.85) = 59 ஆம்பியர். ஒயரிலும் லக்கிலும் மொத்தம் 0.01 ஓம் இருந்தாலே 0.6 வோல்ட் விழும், 35 வாட் சூடாகும். 0.03 ஓம் என்றால் 1.8 வோல்ட், பேட்டரி நிறைந்திருந்தாலும் இன்வெர்ட்டர் 'லோ பேட்டரி' என்று கத்தி நின்றுவிடும். புதுப் பேட்டரி வாங்கும் முன் லோடு போட்டு, பேட்டரி முனையில் ஒருமுறையும் இன்வெர்ட்டர் முனையில் ஒருமுறையும் வோல்ட் பாருங்கள். வித்தியாசம் அரை வோல்ட்டைத் தாண்டினால் முனையில் பூத்திருக்கும் உப்பை வெந்நீரால் கழுவி, லக்கைத் தேய்த்து இறுக்கிவிட்டு மறுபடி அளங்கள்.